முன்னோர்கள் வடக்குப் பக்கம் வரவும்

உலகத்தில் இதுவரை தோன்றிய எல்லாச் சங்கங்களையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பயனற்றது கடலூர் வட்டாரப் பறவை நண்பர்கள் சங்கம்தான் என்று முதன்முதலில் நிறுவியவன் நான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. யாராவது ஒருவர் நிறுவத்தான் வேண்டும். எனக்கு அப்போது சிதம்பரத்தில் கல்லூரிக் கடைசி ஆண்டு, நேரம் இருந்தது.

ஆராய்ச்சியின் முடிவு 'கொட்டாவி' இதழில் வெளியானது. 'கொட்டாவி' நானும் வகுப்புத் தோழன் வினோத்குமாரும் நடத்திய ஜெராக்ஸ் பத்திரிகை. இரண்டு பக்கம். மாத இதழ்தான், ஆனால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வினோத்குமாரின் மாமா கடையை அவனிடம் விட்டுவிட்டு வெளியூர் போகும் மாதங்களில் மட்டும் வரும்.

என் வாதம் எளிமையானது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்குக் கடைசியில் ஒரு பஸ் கிடைக்கிறது. தூண்டிலோடு காத்திருப்பவனுக்கு மீன் கிடைக்கிறது. பறவைக்குக் காத்திருப்பவனுக்கு அது வந்தாலும் கிடைப்பதில்லை. வந்தது என்று அடுத்தவரிடம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த அடுத்தவர் அதே சங்கத்தில் இருந்தால் அவரும் பார்த்திருப்பார், சொல்லவும் முடியாது.

இந்த ஆராய்ச்சியில் எனக்கிருந்த ஒரே சிக்கல், சங்கத்தின் செயலாளர் என் அம்மா.

அம்மா பெயர் ஜோதிலட்சுமி. தபால் ஆபீசில் சேமிப்புக் கவுண்டரில் வேலை. அப்பா கலியபெருமாள் பண்ருட்டி ரூட்டில் பஸ் ஓட்டினார். ஒரு நாள் வண்டியை டிப்போவில் ஒழுங்காக நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மா வேலை நாட்களில் வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்திருக்கவே மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தால், ஆறியதும் எடுத்துக்கொண்டு வருவேன்.

அப்பா பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருந்தார். மஞ்சக்குப்பம் மைதானத்து மேட்ச்சை டிக்கெட் இல்லாமல் தூரத்து மாடியிலிருந்து பார்க்கலாம் என்று திட்டம். அந்த மைதானத்தில் டிக்கெட்டே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. பரணைச் சுத்தம் செய்யும்போது அது அம்மா கையில் கிடைத்தது. இடது கண்ணாடி பூசணம் பிடித்திருந்தது. வலது கண்ணை வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர் வீட்டு முருங்கையில் ஒரு தேன்சிட்டு. அன்று டீ ஆறவில்லை.

சங்கத்தின் தலைவர் சபாபதி சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதைப் பார்த்தாலும் அதற்கு நான்கு மூலை இருக்கிறதா என்று தேடுவார். அவருடைய கார் ஷெட்டில்தான் கூட்டம் நடக்கும். கார் கிடையாது. என் ஆராய்ச்சிக் கட்டுரை வந்த வாரம் அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் பின்கட்டுக்குப் போகப் பார்த்தேன்.

"தம்பி அரவிந்தா, நம்ம சங்கத்தப் பத்தி பத்திரிகையில வர்றது இதான் மொத தடவ," என்றார். கையில் இன்னும் சில பிரதிகள் எடுத்து வைத்திருந்தார். "மெம்பருங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். பறவை வந்தாலும் கிடைக்காதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த எடம் பிரமாதம்."

நையாண்டி என்ற கலையே எட்டாத மனிதர்களிடம் நையாண்டி செய்வது, பால்காரனிடம் ரயில் டிக்கெட் கேட்பது போன்றது. அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாலைத்தான் ஊற்றுவார்.

2009 கோடையில் அம்மா ஆலாக்களைக் கண்டுபிடித்தாள்.

'ஆலாப் பறக்கிறான்' என்று திட்டுவோமே, அந்த ஆலாதான். சின்ன ஆலா. கைப்பிடி அளவு வெள்ளைப் பறவை, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. கெடிலம் கடலில் சேரும் இடத்தில், தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே, சுனாமி இழுத்துப் போட்டுவிட்டுப் போன ஒரு மணல்திட்டு இருக்கிறது. அதில் முட்டையிட்டிருந்தன. கூடு என்று எதுவும் இல்லை. மணலில் ஒரு பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே முட்டை. அம்மா அன்று மாலை வந்து புடவைகூட மாற்றாமல் சொன்னாள்.

"ஆம்பள ஆலா மீன் புடிச்சாந்து பொம்பள ஆலாவுக்குக் குடுக்குதுடா. அவ்வளவு சுலபமா இது வாங்கிக்கலை. திரும்பி ஒக்காந்துக்குது. அது சுத்திச் சுத்தி வருது, மீன கீழ போடாம."

அப்பா டியூட்டி முடிந்து வரும்போது பண்ருட்டியிலிருந்து ஒரு மிக்சர் பொட்டலம் கொண்டுவருவார். அம்மா எதற்காவது கோபமாக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நிற்பார்.

திட்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், படகு இழுப்பார்கள். யாராவது முட்டையை மிதித்துவிடுவார்களே என்று சங்கம் கூடி யோசித்தது. ஒரு சர்வேயர் தலைமையில் யோசித்தால் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. ஒவ்வொரு பள்ளத்துக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு சிவப்புக் கொடி. அம்மா ஒரே நாளில் தைத்துக் கொடுத்தாள். அந்தக் கொடிகள் எல்லாம் அவளுடைய பழைய உள்பாவாடை என்பது எனக்கு மட்டும் தெரியும். சபாபதி அவற்றுக்கு சல்யூட் வைத்தபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

பையன்கள் கொடியை மதித்தார்கள். படகுக்காரர்கள் சுற்றிப் போனார்கள். காக்கைகளுக்கு மட்டும் ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மணல் நிறத்து முட்டையை மணலில் தேடுவது சிரமம். சிவப்புத் துணிக்குக் கீழே தேடுவது சிரமமே இல்லை. கொடி கொடியாக இறங்கி வந்து, பந்தியில் உட்கார்ந்த மாதிரி, வரிசையாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின.

அம்மா கொடிகளைப் பிடுங்கி எடுத்துவந்து, துவைத்து, மடித்து, அலமாரிக்குள் வைத்தாள். சாப்பாட்டை எனக்கு மட்டும் போட்டாள்.

"நான் பாக்காம இருந்திருந்தா அதுங்க பாட்டுக்குப் பொரிச்சிருக்கும்," என்றாள். "பாத்ததால போச்சு."

"காக்கா தின்னதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"காக்காவுக்கு யாரு எடம் காட்டுனது?"

அம்மா என் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"இன்னொரு தடவ போடுமாம், சபாபதி சார் சொல்றாரு. அதோட இந்த வருஷத்துக்குக் கடைசி. அதுவும் போச்சுன்னா நான் இத விட்டுடுறேன்டா. பைனாகுலர பரண்லயே போட்டுடு."

பைனாகுலர் பரணுக்குப் போனால் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஆலாக்கள் மறுபடி முட்டையிட்டன. இந்த முறை கொடி இல்லை. அம்மா கிட்டேயே போகவில்லை. தூரத்தில் கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். காக்கைகளுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சபாபதி காலண்டரைப் பார்த்தார்.

குஞ்சு பொரிக்கும் வாரத்தில்தான் ஆடி அமாவாசை.

ஆடி அமாவாசை என்றால் கடலூர் முழுக்க தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கும். நெல்லிக்குப்பத்திலிருந்தும் வேனில் வருவார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, இறந்தவர்களுக்குச் சோறு வைத்து, அதைக் காக்கை எடுத்தால்தான் வீடு திரும்புவார்கள். சுற்றுவட்டாரத்துக் காக்கைகளுக்கெல்லாம் அன்றைக்கு அங்கேதான் விருந்து. போன வருடம் சாப்பிட்டு முடித்த காக்கைகள் அந்தத் திட்டில்தான் உட்கார்ந்து இளைப்பாறின. இந்த வருடம் அங்கே பஞ்சு மாதிரி குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

கார் ஷெட்டில் அவசரக் கூட்டம். நானும் போனேன், கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும்.

"அன்னிக்கு ஒரு நாள் காவல் நின்னு காக்காவ ஓட்டணும். யாரு நிக்கிறீங்க?" என்றார் சபாபதி.

யாரும் வாய் திறக்கவில்லை. சங்கத்தில் அநேகமாக எல்லாருக்கும் தகப்பனார் இல்லை.

"நானே நிப்பேன்," என்றார் சபாபதி. "நேத்து ஒத்திகைக்கு ஒரு கம்பு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு காக்கா தலையச் சாச்சு ஒரு கண்ணால பாத்துச்சு. எங்கப்பா சைக்கிள் சாவி கேட்டா அப்படித்தான் பாப்பாரு. கம்ப முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டு வந்துட்டேன்."

தமிழினி தேவனாம்பட்டினத்துப் பெண். நர்சரி பள்ளிக்கூட டீச்சர். சங்கத்திலேயே தைரியசாலி. அவளும் தலையை ஆட்டினாள். "சுனாமில போன எங்க சித்தப்பாவுக்கு வச்ச சோத்த காக்கா எடுக்கலன்னா எங்க அம்மா பட்டினி கெடப்பாங்க சார். மத்த நாள்னா கல்லெடுப்பேன். அமாவாசையன்னிக்கு எப்படி?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா ஓட்ட ஆள் வேணும்னு பேப்பர்ல விளம்பரம் குடுங்க," என்றேன்.

"ஏன் எழுத்தாளரே, நீங்க நிக்கிறது?" என்றாள் தமிழினி.

"நான் பிசிக்ஸ் படிச்சவனுங்க."

"காக்காவுக்கு அது தெரியாது. தாராளமா நிக்கலாம்."

அந்த மாதக் 'கொட்டாவி'யில் இரண்டு விஷயம் எழுதினேன். ஒன்று, ஓர் உறுதிமொழி: பட்டப்படிப்பு படித்த ஒருவன் குடை பிடித்துக்கொண்டு மணலில் நின்று காக்கை ஓட்டும் நாள் வந்தால், அன்றோடு 'கொட்டாவி' நின்றுவிடும். இன்னொன்று, சங்கத்தின் சார்பில் நானே தயாரித்த ஓர் அறிவிப்பு: "மறைந்த முன்னோர்களின் கனிவான கவனத்திற்கு. திட்டில் குழந்தைகள் இருப்பதால், இவ்வருட ஆடி அமாவாசைக்கு வருகை தரும் முன்னோர்கள் வடக்கே சவுக்குத்தோப்புப் பக்கமாக மட்டும் இறங்கி உணவருந்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, சந்ததியர்."

வினோத்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். சபாபதி சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி! இது தோணாமப் போச்சே நமக்கு! ஓட்டவே வேணாம். சோத்த அந்தப் பக்கம் வச்சா அவுங்களே அந்தப் பக்கம் போயிடுவாங்க!"

பாலை ஊற்றிவிட்டார்.

தட்டி எழுதினார்கள். முன்னோர்களுக்கு என்று எழுதியதை மட்டும் படைப்பவர்களுக்கு என்று அம்மா மாற்றினாள். கடற்கரையில் சடங்கு செய்துவைக்கும் ஐயர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பித்ருக்கள் தெற்கேர்ந்துதான் வருவா. வடக்கே கூப்டறேளே, நன்னாருக்கா?"

"தெக்கப் பாத்தே கும்புடட்டும் சாமி," என்றார் சபாபதி. "இலைய மட்டும் வடக்க வைக்கட்டும். திசை மாறல, எடம்தான் மாறுது. சர்வேயர் சொல்றேன்."

ஐயர் கொஞ்ச நேரம் அதை மனதுக்குள் அளந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

அமாவாசையன்று காலையில் அம்மாவும் நானும் போனோம். எனக்கும் அப்பாவுக்குச் செய்ய வேண்டியிருந்தது. அலையில் முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு உட்கார்ந்து, ஐயர் சொன்னதைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். இவற்றைப் பற்றியும் எனக்கு ஒரு கட்டுரை உண்டு. அன்று அது நினைவுக்கு வரவில்லை. அப்பா பெயரைச் சொல்லச் சொன்னபோது ஐயருக்குக் கேட்கும்படி இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழினியும் சபாபதியும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஜனங்களை வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "இலைய அங்க வைங்கம்மா, காக்கா ஜாஸ்தி அங்கதான்." நம்பினார்கள். சோறு அங்கே குவியவும் காக்கைகளும் அங்கே குவிந்தன. சவுக்குத்தோப்பு ஓரம் கறுப்பாக அலை அடித்தது. திட்டு வெறிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது. என் நகைச்சுவைத் துணுக்கு ஒன்று வேலை செய்வதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

நானும் இலையைத் தோப்போரம் வைத்தேன். சோறு, வாழைக்காய்ப் பொரியல், அப்பாவுக்குப் பிடித்த மெதுவடை. அக்கம்பக்கத்து இலைகளில் எல்லாம் காக்கைகள் இறங்கின. எங்கள் இலைக்கு வரவில்லை. அம்மா 'கா, கா' என்று கூப்பிட்டாள். அப்பாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வெயில் ஏறியது. அவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காக்கை எடுக்காமல் குடிக்கவும் மாட்டாள்.

அப்போது ஒரே ஒரு காக்கை, கூட்டத்தைச் சட்டை செய்யாமல், தலைக்கு மேலே பறந்து தெற்கே போனது. நேராகப் போய்த் திட்டில் இறங்கியது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பைனாகுலரை வலது கண்ணில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவருடா," என்றாள்.

"அம்மா..."

"கும்பலோட ஒக்காந்து என்னிக்கு சாப்புட்டாரு அவரு? கல்யாண வீட்டுலகூட எல்லாரும் எழுந்த பொறவு தனியா ஓரமா ஒக்காருவாரே." பைனாகுலரை இறக்கவில்லை. "குஞ்சுங்ககிட்ட போறாருடா. நான் என்ன பண்ணுவேன்? போன்னு சொல்லவா அவர? இன்னிக்கு?"

ஆலாக்கள் கத்த ஆரம்பித்தது இங்கே வரைக்கும் கேட்டது. சபாபதி கம்பை எடுத்தார், அம்மாவைப் பார்த்தார், கம்பைக் கீழே வைத்தார்.

அப்பா உயிரோடு இருந்தபோதே அவரை யாரும் ஓரம் கட்டியதில்லை. பண்ருட்டி ரோட்டில் கரும்பு லாரிகளே ஒதுங்கும். அவரிடம் வேலை நடக்க ஒரே வழி, பக்கத்தில் போய் நின்று, மெதுவாகக் கேட்பது.

நான் இலையிலிருந்து வடைகளை எடுத்துக்கொண்டேன். அம்மா கையிலிருந்த குடையையும் வாங்கிக்கொண்டேன். மணல் சுட்டது. செருப்பு ஐயர் பக்கத்தில் கிடந்தது, திரும்பிப் போகவில்லை.

திட்டில் கால் வைத்ததும் ஆலாக்கள் என் மேல் பாய்ந்தன. நான் யார் கட்சி என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? ஒன்று தோளில் கொத்தியது. ஒன்று அதைவிட மோசமான காரியம் செய்தது. குடையை விரித்துக்கொண்டு, காலடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். மணல் ஒட்டிய பஞ்சு மாதிரி ஒன்று, என் பாதத்துக்குப் பக்கத்தில் அசையாமல் படுத்து, தான் அங்கே இல்லை என்று நடித்துக்கொண்டிருந்தது. நானும் பார்க்காத மாதிரி நடித்தேன்.

காக்கை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. நான் குஞ்சுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"அப்பா," என்றேன். "அது சின்னப் புள்ளைங்க. இந்தா, வடை. அம்மா சுட்டது."

ஒரு துண்டைப் பிய்த்து வடக்குப் பக்கமாகப் போட்டேன். காக்கை யோசித்தது. யோசித்துவிட்டுத் தத்தித் தத்தி வந்து எடுத்துக்கொண்டது.

நான் திரும்பிக் கையை உயர்த்தி ஆட்டினேன். "எடுத்துக்கிச்சு! எடுத்துக்கிச்சும்மா!"

தூரத்தில், கவிழ்ந்த படகின் நிழலில் அம்மா உட்காருவது தெரிந்தது. தமிழினி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காக்கை போகவில்லை. தின்றுவிட்டுத் திரும்பவும் குஞ்சுகள் பக்கமே நகரப் பார்த்தது. நான் திரும்பவும் நடுவில் போனேன். வடை தீர்ந்ததும் தமிழினி வந்து திட்டின் ஓரத்தில் சோறு வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றம். வெயில் உச்சிக்கு வந்து, சாய ஆரம்பித்தது. வேட்டி உடம்பிலேயே காய்ந்தது.

இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. வினோத்குமார்.

"மச்சான், மாமா நாளைக்கு ஊருக்குப் போறாரு. அடுத்த கொட்டாவிக்கு மேட்டர் ரெடியா?"

"இல்லடா."

"என்னடா இல்ல? சரி, எங்க இருக்க நீ? ஒரே காத்தா கேக்குது. என்னமோ கத்துது வேற."

"வீட்லதான் இருக்கேன். அப்பாவுக்கு சாமி கும்புடுறோம். அப்பறம் பேசுறேன்."

ஃபோனைத் திரும்பச் செருகிக்கொண்டேன். காக்கை இன்னும் இரண்டு தத்து தெற்கே தத்தியிருந்தது. குடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பஞ்சுகளை மிதிக்காமல் சுற்றிப் போய் அதன் முன்னால் நின்றேன்.

"அந்தப் பக்கம் இல்லப்பா," என்றேன். "இந்தப் பக்கம் வா."